கப்பலில் ஏறும்போது செருப்பைக் கழற்றாதீர்கள்

முன்னாள் கடற்படையினர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு என்னிடம் கேட்டது இரண்டு பக்கம். போர்க்கப்பலைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை எப்படித் தயார் செய்வது என்று எழுதித் தரச் சொன்னார்கள். கேட்டவர் சுருளிராஜன், கடமலைக்குண்டுக்காரர், என் காலத்துக்கு வெகுநாள் கழித்துச் சேர்ந்து, சமீபத்தில் ஓய்வு பெற்றவர். அவர்தான் இன்று காலை தேனியிலிருந்து ஒரு பஸ் நிறையப் பெண்களைக் கொச்சிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். பொதுமக்களுக்குக் கப்பலைத் திறந்துவிடும் நாள் இது.

அந்தப் பஸ்ஸில் என் அண்ணன் மனைவி காமாட்சி மதினியும் இருக்கிறார். என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

ஒரு வரி எழுதுகிறேன், எழுந்து வாசலுக்குப் போகிறேன், திரும்பி வந்து உட்காருகிறேன். போன் மேசைமேல், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மல்லாந்து கிடக்கிறது. குமுளி மலையைத் தாண்டி வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும். அவர் ஏன் என்னை வர வேண்டாம் என்றார் என்பதைச் சொல்லாமல் அந்த இரண்டு பக்கத்தை என்னால் எழுத முடியவில்லை. சுருளிராஜன் பொறுத்துக்கொள்ளட்டும்.

நான் பிறந்தது ஜெயமங்கலம். உத்தமபாளையத்தில் பி.எஸ்ஸி. முடித்த கையோடு கடற்படையில் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஓடினோம், நீந்தினோம், முடிச்சுப் போட்டோம், இந்தி கற்றுக்கொண்டோம். வைகை அணையைவிடப் பெரிய தண்ணீரைப் பார்த்திராத எனக்கு முதல் வருடம் முழுக்கக் கடல் என்றால் குமட்டல்தான். அப்புறம் பழகிவிட்டது. பழகாமல் போனது ஒன்றே ஒன்று, எங்கள் மூத்த மாலுமி குரியன் சீஃப்பின் பார்வை.

கப்பலின் மேல்தளம் முழுக்க அவர் பொறுப்பு. கயிறு, நங்கூரம், படகு, பெயின்ட் எல்லாம் அவர்தான். பார்வையாளர்கள் வரும் நாட்களில் அவர்களும் அவர் பொறுப்பு. அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும். நாம் பக்கத்தில் போய்க் குனிந்து காதைக் கொடுக்க வேண்டும். திட்டு வாங்குவதற்காகக் குனிந்து நிற்பதைவிடப் பெரிய தண்டனையை எந்த அதிகாரியும் எனக்குக் கொடுத்ததில்லை.

முதல்முறை பார்வையாளர் வேலைக்கு என்னை நிறுத்தியபோது அவர் சொன்னது இதுதான்:

"எடோ, முகம் நோக்கண்டா. காலு நோக்கு."

முகத்தைப் பார்க்காதே, காலைப் பார். குமுளிக்கு இந்தப் பக்கம் வளர்ந்தவனுக்கு அந்த மலையாளம் புரிவது கஷ்டமில்லை. "முகம் எல்லாருக்கும் ஒரே மாதிரி சிரிக்கும். விழறது காலாக்கும்" என்று அவருடைய தமிழில் விளக்கமும் சொன்னார்.

கரையில், கேங்வே என்று நாம் சொல்லும் ஏறுபாலத்துக்குப் பக்கத்தில், அவர் ஒரு மரப்பெட்டி வைத்திருப்பார். உள்ளே பழைய கேன்வாஸ் ஷூக்கள், எல்லா அளவிலும். வருகிறவர்களை நிழலில் நிறுத்தி, தான் மட்டும் கயிறு கட்டும் இரும்புக் குற்றியில் உட்கார்ந்துகொள்வார். அப்போதுதான் கால்கள் கண்ணுக்கு நேராக இருக்கும். ஒவ்வொருவரையும் காலைத் தூக்கி அடிப்பக்கம் காட்டச் சொல்வார். குதிகால் உயர்ந்த செருப்பு, தேய்ந்த ரப்பர் செருப்பு, வெறுங்கால் எல்லாம் பெட்டிக்கு. ஷூ போட்டு, லேஸ் கட்டி, நான்கு எட்டு நடந்து காட்டினால்தான் அடுத்த பேச்சு. பை, குடை கரையிலேயே இருக்க வேண்டும். முந்தானையை இடுப்பில் செருக வேண்டும். கேங்வேயில் ஒருவர் பின் ஒருவராக, நடுவில் நடக்க வேண்டும், ஏனென்றால் கட்டி நிற்கும் கப்பலும் மூச்சு விடுகிற மாதிரி அசையும். விறைப்பாக நிற்கும் கயிற்றைத் தாண்டக் கூடாது, சுருண்டு கிடக்கும் கயிற்றுக்குள் கால் வைக்கக் கூடாது. இரும்புக் கதவின் கீல் பக்கம் விரலைக் கொண்டுபோகக் கூடாது.

ஏணிதான் அவருக்கு எல்லாவற்றிலும் பெரியது. ஏறும்போதும் இறங்கும்போதும் முகம் ஏணியைப் பார்த்தே இருக்க வேண்டும். வீட்டு மாடிப்படியில் இறங்குகிற மாதிரி முதுகைக் காட்டி இறங்கக் கூடாது. பெண்கள் இறங்கும்போது கீழே நிற்கும் ஆண்களை முதலில் அப்புறப்படுத்துவார். கைகொடுக்க நிற்கும் மாலுமி மட்டும் இருப்பான், அவனும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பான். "நாணம் வந்தா ஸ்த்ரீகள் சேலையைப் பிடிக்கும், கம்பியைப் பிடிக்காது" என்பார். அந்தக் கூச்சத்தை எடுத்துவிடுவதும் பாதுகாப்பு வேலைதான் என்று நான் அவரிடம் கற்றுக்கொண்டேன். ஏட்டளவில்.

கதவு நிலைகளில் மட்டும் என் யோசனை ஒன்றை அவர் ஏற்றுக்கொண்டார். கப்பல் கதவுக்குக் கீழே முழங்காலுக்குச் சற்றுத் தாழ்ந்த இரும்பு விளிம்பு இருக்கும். தடுக்கி விழாதவர்கள் குறைவு. தமிழ்க் கூட்டம் வந்தபோது, "நம்ம வீட்டு நிலைப்படி மாதிரி. மிதிக்காம தாண்டுங்க" என்று சொன்னேன். அன்று ஒருவர்கூடத் தடுக்கவில்லை. சீஃப் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அப்புறம் குரலை இறக்கினார். குனிந்தேன்.

"நல்லது. பட்சே, வீட்டைக் காட்டிக் கப்பலைச் சொன்னா, ஒண்ணு சரியா வந்ததும் அவங்க எல்லாத்தையும் வீடுன்னு நினைக்கும். சூட்சிக்கணும்."

பட்சே என்றால் ஆனால், சூட்சிக்கணும் என்றால் ஜாக்கிரதை. நான் பாராட்டை மட்டும் கேட்டுக்கொண்டேன்.

கப்பல் கொச்சியில் நின்ற ஒரு வருடம், அண்ணன் ஊரிலிருந்து ஒரு வேன் பிடித்து, சொந்தபந்தங்களோடு வந்து இறங்கினார். ஆண்கள் வேட்டியில், பெண்கள் கல்யாணப் பட்டில். அண்ணன் கப்பலை அண்ணாந்து பார்த்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார்:

"ஏலே, இம்புட்டுப் பெருசையும் நீயாலே ஓட்டுற?"

"ஓட்டலண்ணே. கயிறு கட்டுறேன்."

"கயிறு கட்டத்தான் பி.எஸ்ஸி. படிச்சியாக்கும். நம்ம வீட்டு மாட்டுக்கே கட்டியிருக்கலாமேலே!"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் அந்தப் பேச்சு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. காமாட்சி மதினிதான் எனக்காகப் பேசினார். "மாட்டுக்குக் கட்டுனா சம்பளம் யாரு குடுப்பா? சும்மா வாங்க." அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. ஜெயமங்கலத்து நடவு வயல்களில் முன்னால் நிற்கிறவர் அவர்தான். அவர் கை போகிற வேகத்துக்குத்தான் மற்ற பெண்களின் வரிசை நகரும்.

சீஃப் எல்லாருடைய காலையும் பார்த்து ஷூ கொடுத்தார். பட்டுச்சேலைக்குக் கீழே கேன்வாஸ் ஷூவைப் பார்த்துப் பெண்கள் ஒருவரையொருவர் தள்ளிவிட்டுச் சிரித்தார்கள். "ஏ ஆத்தா, டிரில்லுக்குப் போறாப்புல இருக்கு" என்றார் மதினி. அதற்குள் கரைப் பந்தலில் யாரோ ஒரு பெரியவர் மயங்கி விழுந்துவிட, சீஃப்பைக் கூப்பிட்டார்கள். போகும்போது என்னிடம் சொன்னார்: "நான் வர்றது வரைக்கும் ஒருத்தரையும் ஏத்தாதே."

நான் ஏற்றினேன். வேன்காரர் அவசரப்படுத்தினார் என்று பிற்பாடு சொன்னேன். அது பொய்யில்லை, ஆனால் காரணமும் அது இல்லை. மாட்டுக்குக் கயிறு கட்டுகிறவன் இல்லை நான் என்று அண்ணனுக்குக் காட்ட வேண்டியிருந்தது.

கேங்வேயின் மேல்முனையில் ஏறியதும் நாங்கள் கப்பலுக்கு வணக்கம் வைப்போம். எனக்கு முன்னால் போன மாலுமி வைத்ததை மதினி பார்த்துவிட்டார்.

"ஏய்யா தம்பி, எதுக்கு ஏறுனதும் கும்பிடுறாக? அங்கன என்ன இருக்கு?"

"கப்பலுக்கு மரியாதை மதினி. எங்களுக்கு இது கோயில் மாதிரி."

இந்த ஒரு வாக்கியம்தான். அண்ணன் காதில் விழ வேண்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

மதினி உடனே திரும்பினார். "கேட்டீகளா? கோயிலாம்ல! செருப்போட நிக்கிறீகளே, கழட்டுங்கடி." தானே முதலில் குனிந்து லேஸை அவிழ்த்தார். எல்லாரும் அவிழ்த்தார்கள். அண்ணனும் அவிழ்த்தார். அங்கே நின்ற இளம் அதிகாரி நெகிழ்ந்துபோய், "உங்கள் ஊர்க்காரர்களா?" என்று என்னிடம் இந்தியில் கேட்டார். ஆமாம் என்றேன். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. போடுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

உச்சி வெயில். தளத்து இரும்பு கொதித்தது. பாதம் பொறுக்காமல் எல்லாரும் துள்ளித் துள்ளி நடந்தார்கள். அப்போதும் ஷூவைப் போடச் சொல்லத் தோன்றவில்லை. ஒரு மாலுமியைக் கூப்பிட்டு ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடிக்கச் சொன்னேன். சித்திரை வெயிலுக்குக் கோயில் பிரகாரத்தில் தண்ணீர் ஊற்றுவார்களே, அந்த நினைப்பு. கோயில் என்று சொன்னவனும் அதைக் கோயிலாகவே நினைக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஈரப் பாதங்களோடு ஏணிக்கு வந்தோம். ஆண்கள் முதலில் இறங்கிக் கீழே நின்று அண்ணாந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனையும் பெரியப்பா பிள்ளைகளையும் "தள்ளிப்போய்த் திரும்பி நில்லுங்கள்" என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. மதினி ஒரு கையால் சேலைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு, வீட்டுப்படியில் இறங்குகிற மாதிரி முன்பக்கம் பார்த்து இறங்கினார். முன்கால் வழுக்கியது. ஏணிப்படிகளுக்குப் பின்னால் அடைப்புப் பலகை கிடையாது. பின்கால் மடங்கி அந்தச் சந்துக்குள் சிக்கிக்கொண்டது. உடம்பு கீழே போயிற்று, கணுக்கால் மேலேயே நின்றது. அந்தச் சத்தத்தை எதனோடும் ஒப்பிட மாட்டேன்.

பந்தலிலிருந்து திரும்பி வந்த சீஃப், கேங்வே ஓரத்தில் ஜோடி ஜோடியாக அடுக்கியிருந்த ஷூக்களைப் பார்த்ததுமே ஓடிவர ஆரம்பித்தாராம். பார்த்தவர்கள் சொன்னார்கள். அவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கப்பலின் மருத்துவ அறையில் மதினியைப் படுக்க வைத்துக் காலுக்குக் கட்டை வைத்துக் கட்டினார்கள். கப்பலின் இரண்டாம் பெரிய அதிகாரி வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. என்னைப் பார்த்து, "ஷூவை ஏன் கழற்றினார் என்று கேள்" என்றார். எனக்குப் பதவி உயர்வு வர வேண்டிய நேரம் அது.

கேட்டேன். மதினி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

"நீங்கதான கோயில் மாதிரின்னீக தம்பி. அதான் கழட்டுனோம். தப்பாய்யா?"

நான் அதிகாரியிடம் திரும்பி இந்தியில் சொன்னேன்: "கழற்றக் கூடாது என்று நான் சொல்லியும், பழக்கத்தில் கழற்றிவிட்டாராம். தவறு தன்னுடையதுதான் என்கிறார்."

மதினி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் அவருக்காக ஏதோ பேசுகிறேன் என்ற நம்பிக்கையில். கட்டிலின் கால்மாட்டில் குரியன் சீஃப் நின்றிருந்தார். அவருக்குத் தமிழும் தெரியும், இந்தியும் தெரியும். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தார், வெகுநேரம். என் காலில் பாலிஷ் போட்ட ஷூ இருந்தது.

வெளியே காத்திருந்த அண்ணனிடமும் அதையே சொன்னேன். "நான் சொன்னேண்ணே. மதினிதான் கேக்கல." இரண்டாவது முறை சொல்லும்போது அது அவ்வளவு சிரமமாக இல்லை.

எலும்பு கோணலாகச் சேர்ந்தது. சேற்றில் கால் ஊன்றி நிற்க முடியாமல் மதினியின் நடவு அதோடு போயிற்று. தம்பி கோயில் என்றுதான் சொன்னார் என்று ஆரம்பத்தில் மதினி வீட்டில் சொல்லியிருக்கிறார். "அவன் படிச்சவன், அப்படியா சொல்லியிருப்பான்? ஒனக்கு வெளங்கியிருக்காது" என்று அண்ணன் அடக்கிவிட்டார். அதன்பிறகு அது ஊர்க் கேலியாயிற்று. மதினி எந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினாலும், "பாத்து ஆத்தா, கப்பல்னு நெனச்சுறாத" என்பார்கள். எல்லாரையும்விட உரக்கச் சிரிப்பவர் அண்ணன்தான். நான் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அதைக் கேட்டேன். கேட்டுக்கொண்டு சோறு தின்றேன்.

சீஃப் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இடத்தில் இல்லாதது தன் குற்றம் என்று சொல்லிக் கண்டனத்தை வாங்கிக்கொண்டார். அடுத்த பார்வையாளர் நாளில் மரப்பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு, "இனி நீ பேசு" என்றார். நானாக வந்து சொல்வேன் என்று அவர் காத்திருந்ததாக இப்போது நினைக்கிறேன். ஓய்வு பெற்றுப் போகும்வரை காத்திருந்தார். இன்று அவர் உயிரோடு இல்லை.

நான் பேசினேன், வருடக்கணக்காக. அதில் ஒரு கதையும் சேர்த்துக்கொண்டேன். "ஒரு அம்மா, எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், கோயில் என்று நினைத்து ஷூவைக் கழற்றிவிட்டார்..." கூட்டம் சிரிக்கும், சிரித்துக்கொண்டே லேஸை இறுக்கிக் கட்டும். கதை நன்றாக வேலை செய்தது. என் கீழ் வேலை பார்த்தவர்கள் அதைக் கற்றுக்கொண்டு வேறு கப்பல்களுக்குக் கொண்டுபோனார்கள். இந்தக் கதையால் எத்தனை கால்கள் தப்பியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

போன வாரம் தேனியில், சங்கக் கட்டிடத்தில், கொச்சி போகிற பெண்களுக்கு விளக்கக் கூட்டம். என்னைப் பேசச் சொல்லியிருந்தார்கள். தன் மருமகளோடு மதினியும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், கையில் ஊன்றுகோலோடு. அவர் வருவார் என்று எனக்குத் தெரியாது.

"நீங்களும் போறீகளா மதினி?"

"அன்னைக்குப் பாதியில விட்டதுய்யா. மிச்சத்தையும் பாத்துறணும்ல."

சுருளிராஜன் முதலில் பேசினார். அதே கதையைச் சொன்னார், கைமாறிக் கைமாறி அவரிடம் வந்தும் என் ஏற்ற இறக்கம் மாறாமல். செருப்பைக் கழற்றி ஒரு கையில் பிடித்துக்கொண்டு, சாமி முன்னால் நிற்கிற மாதிரி மறுகையால் கன்னத்தில் போட்டுக்கொண்டு காட்டினார். கூடம் சிரித்தது. மதினியும் சிரித்தார். ஊன்றுகோலை உயர்த்தி, "அந்தப் பொம்பள நான்தான்யா!" என்றார். சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. மருமகள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். சுருளி என்னைப் பார்த்தார்.

நான் எழுந்தேன். மைக்கை வாங்கிக்கொள்ளவில்லை.

"நான் சொல்லல மதினி. செருப்பக் கழட்டாதீகன்னு நான் சொல்லவே இல்ல. கோயில் மாதிரின்னுதான் சொன்னேன். நீங்க அதத்தான் அதிகாரிகிட்டச் சொன்னீக. நான் மாத்திச் சொன்னேன். அண்ணங்கிட்டயும் பொய் சொன்னேன்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார்.

"இல்லையேய்யா. நீங்க சொன்னீகளே. கழட்டாதீக மதினின்னு கைய நீட்டிச் சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கே. நான்தான் கேக்கல."

நான் சொன்ன பொய்யை ஊர் சொல்லிச் சொல்லி, அது அவருக்கே ஞாபகமாகிவிட்டிருந்தது. அவர் காலை மட்டும் நான் கெடுக்கவில்லை.

"இல்ல மதினி. நான் கைய நீட்டவே இல்ல."

அவர் முகம் மாறியது.

"ஒங்கண்ணன் சாகுற வரைக்கும் சொல்லிச் சிரிச்சாரே. நானும் ஆமா ஆமான்னு சிரிச்சேனே. இப்ப அவருகிட்ட யாரு போயிச் சொல்றது? நீங்க போயிச் சொல்லுங்க."

மருமகள் அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

அடுத்த நாள் தேனிக் கடைகளில் தேடி, வீங்கிய கணுக்காலுக்கும் நுழைகிற மாதிரி அகலமான, ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்த ஷூ ஒன்று வாங்கிக்கொண்டு ஜெயமங்கலம் போனேன். மதினி எடுத்துப் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

"வச்சுட்டுப் போங்க. நான் போகத்தான் போறேன். நீங்க வர வேணாம்."

இதுவரை எழுதி முடித்தபோது போன் அடித்தது. சுருளிராஜன்.

"விழுந்துட்டாகளா?" என்றேன். அவர் பேச ஆரம்பிக்கவே விடவில்லை.

"இல்லண்ணே, இன்னும் ஏறவே இல்ல. கேங்வேகிட்ட நிக்கிறோம். இப்ப போனெல்லாம் வாங்கிருவாக. அதுக்கு முன்னாடி இதக் கேளுங்க." போனை நீட்டிப் பிடித்தார் போல. காற்றுச் சத்தம். அதற்குள்ளிருந்து மதினியின் குரல், நடவு வயலில் வரிசையை விரட்டுகிற அதே குரல்.

"யாரும் செருப்பக் கழட்டாதீக. மரியாத மனசுல இருந்தாப் போதும். இது கோயில் இல்ல, இரும்பு. ஏணியில மூஞ்சிய ஏணிப் பக்கம் வச்சுத்தான் எறங்கணும். கீழ ஆம்பளைக நின்னாத் திரும்பச் சொல்லுங்க, வெக்கப்படாதீக."

இளம் குரல் ஒன்று ஏதோ கேட்டது. சொல்லியும் கேட்காத அம்மா நீங்கள்தானே என்பது போல.

"எனக்கு யாருடி சொன்னா? என் கொழுந்தன் சொல்லல. சொல்லியிருந்தாக் கேட்டிருப்பேன்."

அதோடு தொடர்பு நின்றது.

சுருளி, உங்கள் இரண்டு பக்கத்துக்கு அவர் சொன்னதையே போட்டுக்கொள்ளுங்கள். நான் சேர்க்க ஒன்றும் இல்லை. அந்தப் பழைய கதையை எந்தக் கப்பலில் யார் சொன்னாலும், அந்த அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இப்போது மேல்தளத்தைப் பார்த்து முடித்திருப்பார்கள். அடுத்தது ஏணி. போன்களைத் திருப்பிக் கொடுக்கும்வரை எனக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. வாசல்வரை போய்விட்டு வருகிறேன்.